முப்பத்தோராவது பெயர்

ஒரு ஓணப் பரீட்சைத் தாளை நான் இடது கையால் எழுதியிருக்கிறேன். கேரளப் பள்ளிகளில் ஓணத்தையொட்டி வருகிற முதல் பருவப் பரீட்சை அது, மூன்றாம் வகுப்புத் தமிழ்த் தாள். எட்டு வயதுப் பிள்ளை எழுதினாற்போல இருக்க வேண்டும் என்பதற்காக ரகரத்தையும் றகரத்தையும் மாற்றிப் போட்டேன், ஒரு கேள்வியைப் பாதியில் விட்டேன், ரப்பரால் ஒரே இடத்தில் தேய்த்துத் தாளில் சின்னதாக ஓட்டை விழும்வரை கொண்டுபோனேன். அப்புறம் வலது கையில் சிவப்பு மை பேனாவை எடுத்து அதே தாளைத் திருத்தி மார்க் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவது எல்லாம் வேறு யாரோ செய்த தப்பைப் பற்றி அல்ல.

போன வாரம் எங்கள் பழைய ஆசிரியர் குழுவில் ஒரு பேச்சு. யாரோ ஒருவர் மேல் விசாரணை வந்திருக்கிறது, போலி வருகை போட்டதற்காக. உடனே பத்துப் பேர், "பணமா எடுத்தாங்க? பசங்களை அடிச்சாங்களா? ஒரு பேர் எழுதினதுக்கு இத்தனை பாடா?" என்று எழுதினார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னேன்.

வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதற்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி இந்தப் பக்கமெல்லாம் கேரளம்தான், ஆனால் வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், கோயிலில் தமிழ். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. 1949-க்கு முன்னால் இது கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த தாலுகா. தமிழ் மீடியம் பள்ளிகள் இங்கே பல தலைமுறையாக நடக்கின்றன. நான் வேலை பார்த்தது அப்படி ஒரு எய்டட் எல்.பி. ஸ்கூலில், ஒன்றிலிருந்து நாலு வரை.

எய்டட் என்றால் ஆசிரியரை நியமிப்பவர் மேனேஜர், சம்பளம் கொடுப்பது அரசாங்கம். இந்த ஏற்பாட்டுக்கே ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மேனேஜர்மார் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதில் ஒரு பங்கைத்தான் வாத்தியார் கையில் கொடுப்பார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 1957-ல் முதல் மந்திரிசபை வந்து, முண்டசேரி கல்வி மந்திரியாக இருந்து கொண்டுவந்த சட்டத்துக்குப் பின்னால்தான் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து நேராக ஆசிரியருக்கு வர ஆரம்பித்தது. பொய்க் கையெழுத்திலிருந்து எங்களைக் காப்பாற்றத்தான் அத்தனை பெரிய சண்டை நடந்தது. அதன் பலனை அனுபவித்த தலைமுறையில் வந்த நாங்கள் வேறொரு இடத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டோம்.

எப்படி என்றால், ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும். ஆறாவது வேலை நாள் அன்று எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. எல்.பி.யில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். முப்பது இருந்தால் ஒரு டிவிஷன், முப்பத்தொன்று இருந்தால் இரண்டு. ஒரே ஒரு பெயரில் ஒரு வேலை நிற்கும் அல்லது போகும். டிவிஷன் ஃபால் என்கிற வார்த்தையை எங்கள் ஸ்டாஃப் ரூமில் சாவுச் செய்தி மாதிரித்தான் சொல்வார்கள். எய்டட் பள்ளியில் வேலைக்குச் சேர என்னென்ன விற்க வேண்டியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அப்படிச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் ஜூன் மாதம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். மே மாத வெயிலில் நாங்கள் எல்லோரும் பிள்ளை பிடிக்கப் போவோம். தோப்பு தோப்பாக, கள்ளிறக்கும் குடிசை முதல் காளவாய் வரை. குடை வாங்கித் தருகிறோம், பை வாங்கித் தருகிறோம், வேன் காசு நாங்களே போடுகிறோம் என்று சொல்வோம், சொன்னபடி செய்வோம். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. தமிழ் மீடியத்தை உயிரோடு வைத்திருந்தது அந்த நடைதான்.

2017 ஜூனில் மூன்றாம் வகுப்பில் இருபத்தேழு பேர். எங்கே அலைந்தும் இருபத்தேழுதான். பாக்கிப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்துக்கும் அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கும் போயிருந்தார்கள். அப்போதுதான் நாலு பெயர் வந்தன. நாலுமே நிஜப் பிள்ளைகள், நிஜ ஆதார். ஆனால் படிப்பது அந்தப் பக்கம். அங்கே தமிழ்நாட்டு மாணவர் பதிவான எமிஸில் நம்பர், இங்கே கேரளத்து மாணவர் பதிவான சம்பூர்ணாவில் பெயர். இரண்டு மாநிலத்துக் கணினியும் அப்போது ஒன்றோடொன்று பேசாது, அதனால் ஒரு பையன் ஒரே காலையில் இரண்டு மாநிலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடிந்தது. (இப்போது நாடு முழுக்க யூடைஸ் பிளஸ் என்கிற ஒரே பதிவில் பிள்ளை வாரியாக ஏற்றுகிறார்கள், இந்த வழி அடைபட்டு வருகிறது.) இரண்டு பெயர் ஏ டிவிஷனுக்கு, இரண்டு என்னுடைய பி டிவிஷனுக்கு. அட்மிஷன் ரிஜிஸ்டரில் முப்பத்தோராவதாக ஏறிய பையன் என் வகுப்பு.

எல்லா நாளும் ஆப்சென்ட் போட்டால் கேள்வி வரும். அதனால் வாரத்தில் மூன்று நாள் ஹாஜர். நான் காலையில் பெயர் கூப்பிடும்போது அந்த இரண்டு பெயரையும் கூப்பிடாமல் தாண்டிவிடுவேன், சாயங்காலம் பிள்ளைகள் போனபின் எழுதுவேன். ஒருநாள் அசதியில் வாய்தவறி அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அவன் எங்க அத்தை பையனுங்க, அவன் ஆனைமலை இஸ்கூலுங்க" என்றாள். நான் "சரி, உக்காரு கண்ணு" என்றேன். அவள் உட்காரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன், முந்தின நாள் கட்டத்தில் அவன் பெயருக்கு நேராக என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவள் வீட்டுப்பாடத்தில் பொய் சொன்னால் நான் ஒரு வார்த்தை கண்டித்ததில்லை. என்ன வாயால் கண்டிப்பது?

நவம்பரில் சூப்பர் செக் வந்தார்கள், பிள்ளைக் கணக்கு சரிதானா என்று சோதிக்கிற கல்வித்துறை ஆட்கள். தலையெண்ணிவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். வந்தவர் பொறுமைசாலி. வருகைப் பதிவேட்டை ஒரு பக்கம் விரித்தார், மதிய உணவுக் கணக்கை ஒரு பக்கம் விரித்தார், ஓணப் பரீட்சை விடைத்தாள் கட்டை அவிழ்த்தார். வகுப்பில் ஹாஜரான பையன் சோற்று வரிசையில் இல்லை. எல்.பி. பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்பது அளவு, அந்த நூறு கிராம் எந்த நாளிலும் கூடவில்லை. சாப்பாட்டு அக்கா கணக்கில் பொய் எழுத மறுத்திருந்தார், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விடைத்தாள் மட்டும் இருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்திலிருந்த இன்னொரு பிள்ளையின் தாளோடு வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, கவரில் போட்டுக்கொண்டார்.

இனி விசாரணைக்கு வருகிறேன். இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

கேரளக் கல்விச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி மேனேஜர் ஒரு ஆசிரியரை அரசு அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் டிஸ்மிஸ் செய்ய முடியாது, அந்த அனுமதி இல்லாமல் தொடர்ந்து பதினைந்து நாளுக்கு மேல் சஸ்பென்ஷனிலும் வைக்க முடியாது. நல்ல பாதுகாப்பு, அதற்காக நம் முன்னோர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அதன் மறுபக்கம் என்னவென்றால், முதல் நடவடிக்கை எடுக்கிற கை மேனேஜருடையது. எங்கள் ஹெச்.எம். சாரை சஸ்பெண்ட் செய்தவர் மேனேஜர். சார்ஜ் மெமோ கொடுத்தவரும் மேனேஜர். அந்த நாலு பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து, "இதைச் சேர்த்துக்கோங்க, டிவிஷன் நிக்கணும்" என்று சொன்னவரும் அவரேதான். சீட்டு யாரிடமும் இல்லை. ரிஜிஸ்டரில் இருப்பது என் எழுத்து, அடியில் இருப்பது ஹெச்.எம். சாரின் கையெழுத்து, சீல். மேனேஜரின் எழுத்து ஒரு புள்ளிகூட எங்கேயும் இல்லை.

சாருக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றரை வருஷம் பாக்கி. சஸ்பென்ஷனில் பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்புப்படி வரும், அதையும் மாதாமாதம் கேட்டு வாங்க வேண்டும். பெரிய மனுஷர், காலையில் பால் வாங்க வருவதை நிறுத்திவிட்டார்.

எனக்கும் மெமோ வந்தது. அதோடு சார் மேலான விசாரணையில் சாட்சி என்று நோட்டீஸ். எல்லாம் மலையாளத்தில். முந்தின ராத்திரி வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "தெரியாது, ஞாபகமில்லை, சார் சொன்னார் எழுதினேன்" என்று மூன்று வாக்கியத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும், மேனேஜர் பெயரை எடுக்கவே கூடாது. சங்கத்திலிருந்து ஒரு மூத்தவர் மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, கிளம்பும்போது, "என்ன சொன்னாலும் சரி, எழுதினதைப் படிக்காம கையெழுத்துப் போடாதே" என்றார். இன்னொன்றும் சொன்னார். 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மைக்காரர்கள் அரசாங்கத்தோடு தங்கள் மொழியிலேயே எழுதிக்கொள்ள இடமிருக்கிறது, அதை மறக்காதே என்றார். முப்பது வருஷம் தமிழ் மீடியத்தில் வேலை பார்த்தும் எனக்கு அது தெரியாது.

விசாரணை நடந்த அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி. அதிகாரி மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன், கிளார்க் மலையாளத்தில் எழுதினார். தாளைக் காட்டி, "இது யார் எழுதியது?" "நான்." "எந்தக் கையால்?" அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இடது கையால்." கிளார்க் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். அப்புறம் நான் சொன்னேன், ஹெச்.எம். சார் முதலில் முடியாது என்றுதான் சொன்னார், மேனேஜர் இரண்டு தடவை வந்து சொன்ன பிறகுதான் சம்மதித்தார், என்று.

பிறகு குற்றம் சாட்டப்பட்டவருக்கு சாட்சியைக் கேள்வி கேட்க உரிமை உண்டு, அதுதான் இந்த விசாரணைகளில் உயிரான இடம். சார் எழுந்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "டீச்சர், பரீட்சைத் தாள் எழுதச் சொன்னது நானுங்களா?" ஆமாம் என்று சொன்னால் அவர் முடிந்தார். இல்லை என்று சொன்னால் இன்னொரு தடவை இடது கையால் எழுதின மாதிரி. "ஆமாங்க சார், நீங்கதான் சொன்னீங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார் என்று பிற்பாடு புரிந்தது. யாராவது ஒருவர் வாயிலிருந்து அது நேராக வெளியே வர வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது.

கடைசியில் தாளை நீட்டினார்கள். படித்தேன். எனக்கு மலையாளம் படிக்க நேரமாகும், அதிகாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஹெச்.எம். குற்றம் சம்மதித்ததாகச் சாட்சி சொன்னார் என்று இருந்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். தமிழில் சம்மதித்தார் என்றால் சரி என்று இணங்கினார். மலையாளத்தில் சம்மதிச்சு என்றால் இணங்கினார் என்றும் வரும், தப்பை ஒப்புக்கொண்டார் என்றும் வரும். கிளார்க் வேண்டுமென்று செய்யவில்லை, அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்து மேனேஜர் இரண்டு தடவை வந்தார் என்பதும் காணாமல் போயிருந்தது. அழுத்தத்துக்கு இணங்கிய மனிதர், என் வாய்வழியாகவே, ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவராக ஆகியிருந்தார்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். குரல் நடுங்கியது. சட்டத்தின் பெயர் வாயில் வரவில்லை, "அறுபத்தொன்பதுல ஒரு சட்டம் இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த அதிகாரி நல்ல மனுஷர், இதை நான் எங்கேயும் சொல்வேன். கோபப்படவில்லை. வெள்ளைத்தாள் கொடுத்து, "தமிழ்ல நீங்களே எழுதித் தாங்க, கோப்பில சேர்க்கறேன்" என்றார். அரைப்பக்கம் எழுதினேன். மேனேஜர் வந்த இரண்டு நாளும், அவர் சொன்ன வார்த்தையும், சார் மறுத்ததும், பிறகு இணங்கியதும், நான் எழுதினதும். எழுதி முடித்தபோது மணி மூன்றரை, யாரும் சாப்பிடவில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் வேறு இடங்களில் எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் ஆசிரியர்களின் ஒழுங்கு விசாரணையை நடத்தவே தனி அமைப்பு இருக்கிறது. ஒரு குழு உட்கார்ந்து கேட்கும், அதில் ஆசிரியரும் இருக்க வேண்டும், ஆசிரியரல்லாத பொதுஜனமும் இருக்க வேண்டும். பரீட்சைத் தாளைத் திருத்தியது, இல்லாத பட்டத்தைக் காட்டியது போன்ற நேர்மைக்கேடுகள் அங்கே அடிதடிக்குக் குறையாத குற்றமாகத்தான் பார்க்கப்படுகின்றன. நிரூபணமானால் வகுப்பறைக்குள் நுழையவே தடை போடலாம், முடிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நேர்மைக்கேடு என்றால் என்ன என்பதற்கு அவர்கள் இப்போது எடுத்துக்கொள்கிற அளவுகோல் 2017-ல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஒரு சீட்டாட்டக்காரர் வழக்கில். முதலில் அந்த ஆளுக்கு உள்ளபடி என்ன தெரிந்திருந்தது, எதை நம்பினார் என்று பார். அப்புறம் சாதாரண, யோக்கியமான ஜனங்கள் அதை நேர்மை என்பார்களா என்று பார். செய்தவருக்கே அது தப்பு என்று தோன்றியதா என்பது முக்கியமில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த முன்பெஞ்சுப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். சாதாரண, யோக்கியமான ஜனம். எட்டு வயது.

நம் ஊரில் அப்படி ஒரு பொதுப் பதிவேடு ஆசிரியர்களுக்குக் கிடையாது. வக்கீலுக்கு இருக்கிறது, டாக்டருக்கு இருக்கிறது. கேரளத்தில் வேலை போன ஒருவர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மறுவாரமே பாடம் நடத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதே சமயம் ஒரு பாவமும் செய்யாதவர் சஸ்பென்ஷனில் வருஷக்கணக்காகக் கிடக்கவும் செய்யலாம். இரண்டுமே எல்லைக்கோட்டில் அதிகம் நடக்கும், நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

முடிவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். விசாரணை அறிக்கையின் நகல் சாருக்குக் கொடுக்கப்பட்டது. தண்டனைக்கு முன்னால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1993-ல் கருணாகர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு அவர் தமிழிலேயே பதில் எழுதினார். டிஸ்மிஸ் ஆகவில்லை. இன்கிரிமெண்ட் வெட்டு, கூடுதல் டிவிஷனுக்காக அரசாங்கம் கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அவரிடமிருந்து பிடித்தம். எனக்கு இரண்டு இன்கிரிமெண்ட் தடை, அது நியாயம்தான், குறைவு என்றே தோன்றியது. மேனேஜர் மேல் என் அரைப்பக்கத்தை வைத்துத் தனியாக நோட்டீஸ் போனது, அவர் கோர்ட்டுக்குப் போனார், அது அங்கேயே கிடக்கிறது. டிவிஷன் போய்விட்டது. ஜூன் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன டீச்சர் இப்போது பொள்ளாச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நாங்கள் யாருக்காகப் பொய் எழுதினோமோ அவளையும் அது காப்பாற்றவில்லை.

உத்தரவு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த முப்பத்தோராவது பையன் வீட்டுக்குப் போனேன். ஆனைமலைக்கு முன்னாலேயே ஒரு தென்னந்தோப்பு, அதில் கூரை வீடு. அவன் அம்மா உதவித்தொகை என்று நம்பிக் கொடுத்திருந்த பிறப்புச் சான்றிதழ் நகலைத் திருப்பிக் கொடுக்கவும், நடந்ததைச் சொல்லவும். மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், தாள் எழுதினதையும் சேர்த்து. பையன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை, ஒல்லியாக, பெரிய காதோடு இருந்தான்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எம் பையன் பேருக்கு நீங்க எழுதினதுல எத்தனை மார்க்குங்க?" என்று கேட்டார்.

"ஐம்பதுக்கு முப்பத்திரண்டு."

"இவன் அதைவிட நல்லா எழுதுவானுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அவனுடைய தமிழ் நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ரகரம், றகரம் எல்லாம் சரியாக இருந்தது.